உயிரணுவின் உக்கிராணம்: கொலஸ்ட்ராலை உடம்பு ஆளும் விதம்

கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த அன்பர்கள் பலருக்கும் இப்படி ஒரு மரணம் நினைவில் இருக்கும். விடியற்காலைப் பிரட்டில் பெயர் கொடுத்துவிட்டு வேலைக்காட்டுக்குப் போன மனிதர். நாற்பத்தைந்து வயதைத் தாண்டாதவர். தடித்த உடம்பும் இல்லை, குடியும் இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிரையிலேயே உட்கார்ந்தவர், லோரி வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். வாயு என்றார்கள் சிலர். காற்றுக் கருப்பு என்றார்கள் சிலர். அவருடைய அண்ணனும் ஏறக்குறைய அதே வயதில் போனவர் என்பது நினைவுக்கு வந்ததும், அந்தக் குடும்பத்துக்கு ஏதோ சாபம் என்று பேச்சு எழுந்தது.

சாபம் என்று சொன்னவர்கள் ஒன்றைச் சரியாகக் கண்டார்கள். சில வீடுகளில் அது குடும்பத்தோடு வருகிறது. வரும் வழி எது என்பதை மருத்துவ உலகம் கடந்த ஐம்பது ஆண்டுகளில் மிகத் தெளிவாகக் கண்டுகொண்டுள்ளது. எல்லா மாரடைப்புக்கும் கொலஸ்ட்ரால் ஒன்றே காரணமன்று; புகை, நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவையும் சேர்ந்தே வேலை செய்கின்றன. எனினும் கொலஸ்ட்ரால் என்ற சொல் இன்று நம் வீடுகளில் அடிக்கடி அடிபடும் அளவுக்கு, அதன் பொருள் விளங்கவில்லை என்பதே என் எண்ணம். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் நம் நாட்டுப் பெரியவர்களில் 100க்கு 38 பேருக்கு அது மிகுந்திருந்தது. ஆதலால் அதனை இம்மலரில் சற்று விரிவாகவே பார்ப்போம்.

கொலஸ்ட்ரால் என்பது யாது?

முதலில் அதன் பழியைத் துடைத்துவிட வேண்டும். கொலஸ்ட்ரால் விஷமன்று. மெழுகு போன்ற அப்பொருள் இல்லாமல் நம் உடம்பில் ஓர் உயிரணுவும் நிலைக்காது. ஒவ்வோர் உயிரணுவையும் சுற்றியுள்ள மெல்லிய சவ்வுக்கு உறுதி தருவது அதுவே. ஆண்மை, பெண்மைச் சுரப்புகளும், உணவைச் செரிக்க உதவும் பித்த அமிலங்களும் அதிலிருந்தே உண்டாகின்றன. உடம்பிலுள்ள மொத்தக் கொலஸ்ட்ராலில் ஏறத்தாழக் கால் பங்கு மூளையில் இருக்கிறது.

இத்தனை முக்கியமான பொருளை உணவை நம்பி உடம்பு விட்டுவிடவில்லை. நமக்குத் தேவையான கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. கறி, முட்டை எதையும் தொடாத சைவ அன்பருக்குக் கொலஸ்ட்ரால் கூடியிருப்பதாக டாக்டர் சொல்லும்போது அவர் திகைத்துப் போகிறாரே, அதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றும் நினைவிற்குரியது. சோற்றையும் கொழுப்பையும் எரித்துச் சக்தியாக்கும் உடம்பு, கொலஸ்ட்ராலை அப்படி எரிக்க இயலாது. அது வெளியேறுவதற்கு உள்ள பெருவழி ஒன்றே. கல்லீரல் அதை எடுத்து, பித்தத்தோடு குடலுக்கு அனுப்பி, மலத்தோடு வெளியேற்ற வேண்டும். ஆகவே இந்தக் கதையில் கதாநாயகன் இருதயமன்று, கல்லீரலே.

மடைப்பள்ளிக் கணக்கு

திருவிழாக் காலத்து அன்னதான மடைப்பள்ளி ஒன்றை நினைத்துக்கொள்வோம். அதற்கு எண்ணெய் இரண்டு வழிகளில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளேயே ஒரு செக்கு இருக்கிறது, ஆட்டிக்கொள்ளலாம். வாசலில் எண்ணெய் ஏற்றிய லோரிகள் வந்து நிற்கின்றன. ஆள் வைத்து இறக்கிக்கொள்ளலாம். பண்டங்களை வைக்கும் உக்கிராணத்தில் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். டின்களில் எண்ணெய் குறைந்துவிட்டால் அவர் ஒரே நேரத்தில் இரண்டு ஆணை இடுவார்: செக்கை ஓட்டு, வாசலுக்கு மேலும் ஆட்களை அனுப்பு. டின்கள் நிறைந்துவிட்டால் செக்கும் நிற்கும், வாசலில் ஆட்களும் குறைவார்கள்.

நம் உயிரணு நடந்துகொள்வது இவ்வாறே. லோரி என்பது எல்.டி.எல். என்னும் நுண்துகள். கொலஸ்ட்ரால் நீரில் கரையாத காரணத்தால், புரதமும் கொழுப்பும் சேர்ந்த இத்தகைய துகள்களில் ஏறித்தான் இரத்தத்தில் பயணம் செய்கிறது. எல்.டி.எல். துகள் ஒன்றில் ஏறத்தாழ 1500 கொலஸ்ட்ரால் மூலக்கூறுகள் அடைந்திருக்கும். அதை வாசலில் பிடித்து உள்ளே இழுக்கும் ஆட்களே ஏற்பிகள் எனப்படும் புரதங்கள். ஓர் ஏற்பி ஒரு துகளைப் பற்றிக்கொண்டு உள்ளே போய், சுமையை இறக்கிவிட்டு, மீண்டும் வாசலுக்கு வர ஏறத்தாழ 10 நிமிடம் ஆகிறது. ஏறத்தாழ ஒரு நாள் ஆயுளுக்குள் அது நூறு தடவைக்கு மேல் போய் வருகிறது. ஓய்வறியாத தொண்டர் என்றே சொல்லலாம்.

பொறுப்பாளர் யார்? உயிரணுவுக்குள் சவ்வுகளால் ஆன ஒரு வலைப்பின்னல் இருக்கிறது. அதில் எஸ்.ஆர்.ஈ.பி.பி. என்னும் புரதம் கட்டுண்டு கிடக்கிறது. அதற்குத் துணையாக ஸ்காப் என்னும் இன்னொரு புரதம் உண்டு. அந்த வலைப்பின்னலின் கொழுப்புப் பொருள்களில் கொலஸ்ட்ராலின் பங்கு ஏறத்தாழ 5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால், ஸ்காப் தன் தோழனை அழைத்துக்கொண்டு புறப்படுகிறது. வழியில் அப்புரதம் இரண்டு இடங்களில் வெட்டப்படுகிறது. வெட்டுண்ட துண்டு உயிரணுவின் கருவுக்குள் புகுந்து, செக்குக்கான மரபணுவையும் ஏற்பிக்கான மரபணுவையும் ஒன்றாகவே தட்டி எழுப்புகிறது. கொலஸ்ட்ரால் 5 விழுக்காட்டுக்கு மேல் ஏறினால் ஸ்காப் இருந்த இடத்திலேயே நின்றுவிடும், ஆணையும் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரணுவுக்குள் இத்தனை துல்லியமான கணக்குப்பிள்ளையை வைத்த படைப்பை நினைத்தால் கைகூப்பத்தான் தோன்றுகிறது.

ஆனால் இந்தக் கணக்குப்பிள்ளையிடம் ஒரு குறை உண்டு. இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் மனத்தில் கொள்வதானால் இதையே கொள்ளலாம். அவர் பார்ப்பது தம் உக்கிராணத்தை மட்டுமே. வீதியில் எத்தனை லோரி தேங்கி நிற்கிறது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளச் சன்னலும் இல்லை. உக்கிராணம் நிறைந்திருந்தால் அவர் நிம்மதியாக ஆட்களைக் குறைத்துவிடுவார். வெளியே லோரிகள் வரிசை கட்டி நின்று, நாளடைவில் வீதியோரச் சுவர்களில் எண்ணெய் கசிந்து படியும். அந்த வீதிதான் நம் இரத்தக் குழாய். அந்தப் படிவுதான் பின்னொரு நாள் வெடித்து, இரத்தம் உறைந்து, மாரடைப்பாகிறது. ஆகவே இரத்தத்தில் எல்.டி.எல். கூடியிருக்கிறது என்றால், இறக்குவதற்கு வேண்டிய ஆட்கள் வாசலில் இல்லை என்பதே பெரும்பாலும் பொருள்.

டெக்சாசில் கண்ட உண்மை

இதைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் நகரில் பணியாற்றிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் ஆகிய இரு மருத்துவர்கள். சிறு பிள்ளைகளுக்கே மாரடைப்பு வரும் அபூர்வமான ஒரு பரம்பரை நோயை அவர்கள் ஆராய்ந்தார்கள். அப்பிள்ளைகளின் தோலிலிருந்து உயிரணுக்களை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். சாதாரண மனிதரின் உயிரணுக்களுக்கு எல்.டி.எல். கொடுத்தால் செக்கு உடனே நின்றது. அப்பிள்ளைகளின் உயிரணுக்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் செக்கு ஓடிக்கொண்டே இருந்தது. காரணம், அவற்றின் வாசலில் ஆளே இல்லை. வெளியே குவிந்து கிடந்ததை உள்ளே எடுத்துக்கொள்ள வழியின்றி, பஞ்சம் என்று எண்ணி அவை மேலும் மேலும் தயாரித்துக்கொண்டிருந்தன. 1970களின் முற்பகுதியில் செய்யப்பட்ட இவ்வாய்வுக்காக 1985ஆம் ஆண்டு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்நோயுற்ற ஸ்டோர்மி ஜோன்ஸ் என்ற ஆறு வயதுச் சிறுமியின் கதை அந்நாளில் உலகெங்கும் பேசப்பட்டது. அவளுடைய இரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறத்தாழ 28 இருந்தது. நம் மருத்துவமனைகளில் 5.2க்கு மேல் போனாலே எச்சரிக்கிறார்கள் என்பதை நினைவில் கொள்க. இருதயம் முற்றும் கெட்டுவிட்டிருந்தது. 1984 பிப்ரவரி 14ஆம் நாள், பிட்ஸ்பர்க் நகரில் அவளுக்கு இருதயத்தோடு கல்லீரலையும் சேர்த்து மாற்றினார்கள். புதிய கல்லீரலில் ஏற்பிகள் இருந்தன. கொலஸ்ட்ரால் ஏறத்தாழ 7க்கு இறங்கியது! இரத்தத்தைத் துப்புரவு செய்யும் பொறுப்பு முதன்மையாகக் கல்லீரலுடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அச்சிறுமி 1990ஆம் ஆண்டு, பதின்மூன்றாவது வயதில் மறைந்தாள். அவள் கூடுதலாக வாழ்ந்த ஆறு ஆண்டுகள் மருத்துவ உலகுக்குப் பெரும் பாடமாயின.

மாத்திரை செய்வது என்ன?

கிளினிக்கில் நமக்குத் தரும் சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் முதலிய மாத்திரைகள் ஸ்டாட்டின் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் மூதாதை ஒரு பூஞ்சணம். ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பூஞ்சணங்களைச் சோதித்து, 1973ஆம் ஆண்டு அரிசியில் வளர்ந்த ஒரு நீலப் பூஞ்சணத்தில் முதல் மருந்தைக் கண்டார். 1987ஆம் ஆண்டு இவ்வகையில் முதல் மாத்திரை விற்பனைக்கு வந்தது. எண்டோ அவர்கள் 2024ஆம் ஆண்டு தமது தொண்ணூறாவது வயதில் காலமானார்.

ஸ்டாட்டின் செக்கை அடக்குகிறது என்று மட்டும் சொன்னால் அது பாதிக் கதையே. செக்கு அடங்கியதும் கல்லீரல் உயிரணுவின் உக்கிராணம் காலியாகிறது. பொறுப்பாளர் பதறிப்போய் வாசலுக்கு ஆட்களை அனுப்புகிறார். அவர்கள் வீதியில் நிற்கும் லோரிகளை மளமளவென்று இறக்குகிறார்கள். இரத்தம் தெளிவது இப்படித்தான். உடம்பின் சொந்த ஒழுங்கையே துணைக்கு அழைத்துக்கொள்ளும் மருந்து இது.

இதைப் புரிந்துகொண்டால், நம் மக்கள் செய்யும் ஒரு பெரிய தவறும் புரியும். மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டு, அளவு இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னதும், "குணமாகிவிட்டது" என்று டப்பாவை மூடி வைத்துவிடுகிறோம். மாத்திரை நின்றதும் செக்கு மறுபடி ஓடும், உக்கிராணம் நிறையும், ஆட்கள் வாசலை விட்டுப் போவார்கள். சில வாரங்களிலேயே வீதி பழையபடி அடைத்துக்கொள்ளும். அளவு இறங்கியிருந்தது மாத்திரை வேலை செய்துகொண்டிருந்ததற்கு அடையாளமே தவிர, நோய் போனதற்கு அடையாளமன்று. தசைவலி போன்ற தொல்லை சிலருக்கு வருவதுண்டு. அப்போதும் டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றியோ வேறு மாத்திரை கொடுத்தோ பார்ப்பார். நாமாக நிறுத்துவது நல்லதன்று. பிள்ளைப்பேறு எதிர்பார்க்கும் பெண்கள் மட்டும் முன்கூட்டியே டாக்டரைக் கலந்துகொள்ள வேண்டும்.

மாத்திரையை இரு மடங்காக்கினால் பயனும் இரு மடங்காகுமா? ஆகாது, எல்.டி.எல். மேலும் ஏறத்தாழ 6 விழுக்காடுதான் குறையும். பொறுப்பாளர் வாசலுக்கு ஆட்களை அனுப்பும்போதே, அவர்களை ஓய்வுபெறச் செய்யும் ஒருவரையும் கூடவே அனுப்பிவிடுகிறார் என்பது இதற்கு ஒரு காரணம். பி.சி.எஸ்.கே.9 என்னும் அப்புரதம் ஏற்பியோடு ஒட்டிக்கொண்டால், ஏற்பி வாசலுக்குத் திரும்பாமல் உள்ளேயே அழிந்துபோகும். 2003ஆம் ஆண்டில்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது. இப்புரதம் பிறவியிலேயே குன்றியிருந்த அமெரிக்கக் கறுப்பினத்தவரை ஆராய்ந்தபோது, அவர்களுக்கு எல்.டி.எல். 28 விழுக்காடு குறைவாகவும், இருதயக் குழாய் நோய் 88 விழுக்காடு குறைவாகவும் இருந்தது 2006ஆம் ஆண்டு தெரியவந்தது. 28 எப்படி 88 ஆயிற்று? பிறந்த நாளிலிருந்து குறைவாக இருந்ததே காரணம். நடுவயதில் மருந்து தொடங்குவதற்கும் வாழ்நாள் முழுதும் குறைவாக இருப்பதற்கும் அத்தனை வேறுபாடு. அப்புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2015 முதல் புழக்கத்தில் உள்ளன. விலைதான் கையைச் சுடுகிறது.

தென்னமரத் தோட்டமும் எண்ணெய் டின்னும்

இனி உணவுக்கு வருவோம். நம் வட்டாரத்துக்கு இதில் தனி உரிமை உண்டு. மலாயாவில் செம்பனை முதன்முதலாக வணிக நோக்கில் பயிரிடப்பட்டது 1917ஆம் ஆண்டு, இன்று பெஸ்தாரி ஜெயா என்று வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தையின் தென்னமரத் தோட்டத்தில்தான். அதைச் செய்தவர் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். பின்னாளில் இந்நாட்டைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் பெற்றவர் அவர். தென்னையின் தமிழ்ப் பெயர் கொண்ட தோட்டத்தில் செம்பனை வேரூன்றியது ஒரு வேடிக்கை. அதைத் தொடர்ந்து பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் குலை வெட்டி, உதிரி பொறுக்கி வாழ்ந்தவர்கள் நம்மவர்கள். நம் அடுப்பில் கொதிப்பதும் பெரும்பாலும் அதே எண்ணெய்.

அந்தப் பாட்டிலில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உண்மைதான், தாவர எண்ணெய் எதிலும் சொல்லத்தக்க கொலஸ்ட்ரால் இல்லை. ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று. இந்த எண்ணெய் கல்லீரலின் வாசலில் ஆட்களைக் கூட்டுமா, குறைக்குமா என்பதே கேள்வி. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் கல்லீரலில் ஏற்பிகளின் வேலை குறைகிறது. நிறைவுறாத கொழுப்பு கிடைக்கும்போது, உயிரணு தன் கொலஸ்ட்ராலை அதனோடு பிணைத்து ஓரமாகக் கட்டி வைத்துவிடுகிறது. கட்டி வைத்தது பொறுப்பாளர் கண்ணில் படுவதில்லை. உக்கிராணம் குறைந்ததாக எண்ணி அவர் ஆட்களை அனுப்புகிறார். செம்பனை எண்ணெயில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்றது, பாதி நிறைவுறாதது. நாம் வாங்கும் தெளிந்த சமையல் எண்ணெயில் நிறைவுற்றது சற்றுக் குறைவு. நெய்யில் ஆறு பங்கிற்கு மேல், தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு. ஆகவே நம் தோட்டத்து எண்ணெயை விஷம் என்று தூற்றுவதும் தவறு, அமுதம் என்று அளவின்றி ஊற்றுவதும் தவறு.

இங்கே ஒரு சிறு ஆறுதலும் சொல்லலாம். கோலசிலாங்கூர், செகிஞ்சான் பக்கத்தவர் பலர் கொலஸ்ட்ரால் என்றதும் முதலில் கைவிடுவது இறாலைத்தான். இறாலில் கொலஸ்ட்ரால் உண்டு, ஆனால் நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு. இறாலை விட்டுவிட்டு, காலையில் தேங்காய்ப்பால் சோறும் மாலையில் பொரித்த பலகாரமும் சாப்பிடுகிறவர் கணக்கில் தவறுகிறார்.

நமது அன்னதானத்துக்கு எண்ணெய் டின்களும் நெய்யும் உபயம் செய்யும் புண்ணியவான்கள் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். நம் முன்னோர் வைத்த பிரசாதங்களில் சுண்டலுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கடலை, பயறு, பருப்பு ஆகியவற்றிலுள்ள கரையும் நார், குடலில் பித்த அமிலங்களைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறது. புதிய பித்த அமிலம் செய்யக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும், உக்கிராணம் குறைகிறது, வாசலில் ஆட்கள் கூடுகிறார்கள். மாத்திரை செய்யும் வேலையில் ஒரு சிறு பங்கைச் சுண்டலும் செய்கிறது. வடைக்கும் அப்பத்துக்கும் உபயம் வருவதைப் போலச் சுண்டலுக்கும் கூடுதலாக உபயம் வந்தால் நல்லது.

பாதி வாசலோடு பிறந்தவர்கள்

தொடக்கத்தில் சொன்ன அந்தக் குடும்பத்துக்கு இப்போது திரும்புவோம். ஏற்பிக்கான மரபணு நமக்குத் தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என இரண்டு கிடைக்கிறது. அவற்றில் ஒன்று பழுதானால், வாசலில் பாதி ஆட்களே இருப்பார்கள். இரத்தத்தில் எல்.டி.எல். பிறவியிலிருந்தே ஏறத்தாழ இரு மடங்கு. உடல் மெலிந்திருக்கும், உழைப்பு கடுமையாக இருக்கும், உணவும் எளிமையாக இருக்கும். ஆனாலும் குழாய் அடைத்துக்கொண்டே வரும். நிரையில் உட்கார்ந்துவிட்ட அந்த மனிதரையும் அவருடைய அண்ணனையும் இன்று சோதிக்க வழியில்லை. என்றாலும் அத்தகைய குடும்பங்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியவற்றில் இதுவும் ஒன்று. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டு மரபணுவும் பழுதானால் ஸ்டோர்மியின் நிலை. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள நம் சமூகம், இதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

இது எங்கோ மேல்நாட்டு நோய் என்று எண்ண வேண்டா. நமக்கு அருகில், சுங்கை பூலோவிலுள்ள மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக மருத்துவ ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, மலேசிய மக்களில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இதன் அடையாளங்கள் உள்ளன. அவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. இதனோடு, 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதில் தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வந்த நடுவயது 53. மற்றவர்க்கு ஏறத்தாழ 59. புகை, நீரிழிவு முதலிய மற்றக் காரணங்கள் நம்மிடையே இளவயதிலேயே தலைகாட்டுவது அவ்வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்குகிறது. பாதி வாசலோடு பிறந்தவருக்கு அவையும் சேர்ந்துகொண்டால் சொல்ல வேண்டியதில்லை.

அடையாளங்கள் சில கண்ணுக்கே தெரியும். குதிகாலுக்கு மேலுள்ள தடித்த நரம்பு போன்ற நாண் வீங்கிக் கட்டியாயிருக்கும். கைவிரல் முட்டிகளின் நாண்களிலும் அப்படிக் கட்டிகள் வரலாம். 45 வயதுக்குமுன் கருவிழியைச் சுற்றி வெண்மையான வளையம் தோன்றலாம். எல்லாருக்கும் இவை வருவதில்லை. பலருக்கு இரத்தப் பரிசோதனை ஒன்றே வழி. பரிசோதனைச் சீட்டில் மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடக் கூடாது. எல்.டி.எல். என்ற வரியைத் தேடிப் பாருங்கள். பெரியவர்களுக்கு அது 4.9ஐத் தொட்டால், குடும்ப வரலாற்றையும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்: அப்பா எந்த வயதில் போனார், சித்தப்பாவுக்கு என்ன ஆயிற்று, அம்மா வழியில் யாருக்கேனும் நெஞ்சுவலி உண்டா என்று. நம் டாக்டர்களுக்கு நேரம் குறைவு; அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நாமே சொல்லிவிடுவது நல்லது.

ஒருவருக்கு இந்நோய் உறுதியானால், அவருடைய உடன்பிறந்தார், பிள்ளைகள் அனைவரையும் சோதிப்பது மருத்துவ முறை. தோட்டம் மூடப்பட்டபின் ஒருவர் காப்பாரிலும் ஒருவர் ரவாங்கிலும் ஒருவர் ஜொகூரிலும் சிதறிக் கிடக்கும் குடும்பங்களில் இது எளிதன்று. ஆயினும் திருவிழாவுக்கும் கருமாதிக்கும் எல்லாரும் கூடத்தானே செய்கிறோம்; அன்று அந்தச் சீட்டையும் கையோடு கொண்டுபோகலாம். பிள்ளைகளை 10 வயதுக்குள் சோதித்துவிடுவது நல்லது. தேவைப்பட்டால் அந்த வயதிலேயே மருத்துவரின் கண்காணிப்பில் மாத்திரையும் தொடங்குகிறார்கள். முதல் சோதனைக்குப் பட்டினி கிடக்கவும் வேண்டியதில்லை. ஒரு சிறு குப்பி இரத்தம் போதும்.